எந்தப் புள்ளியைச் சுற்றி

பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.
மூன்று அச்சுக்கும் அதையே சொல்கிறது அட்டவணை,
இருபது கிலோநியூட்டனை
மூன்றரை மீட்டர் தள்ளித் தொங்கவிட்ட பிறகும்.

சோஹார் துறைமுகம். படகிலிருந்து பம்பு தூக்க
ஒரு சின்னக் கிரேன்.
அதன் அடித்தகட்டைக் கணினியில் நான்தான் கட்டினேன்:
நான்முகத் துண்டுகள் நாற்பதாயிரம்,
அடிப்பரப்பில் ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கணுக்கள்,
அசையாதே என்று ஒவ்வொன்றையும் கட்டிப்போட்டு.

அறிக்கை திரும்பி வந்தது.
ஹமூத் அல் ஷிஸாவி சிவப்பு மையில் ஒரே வரி:
"அடியில் மொமென்ட் இல்லையென்றால்
போல்ட் எதற்கு?"

ஜூலை. பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை
வெயிலில் வேலை கூடாது.
ஃபிட்டர் கயத்தான் பர்னாந்து கேபினுக்குள் வந்து
ஏசிக்கு நேரே நிற்கிறார்,
சட்டையில் உப்பு வரிவரியாய்.
என் திரையைப் பார்த்து,
"என்ன சார், முட்டையா இட்டு வச்சிருக்கு?"

கணுவுக்குத் திரும்பத் தெரியாது, கயத்தான்.
மேலே கீழே, இடம் வலம், முன் பின்,
அவ்வளவுதான் அதற்குக் கொடுத்திருக்கிறது.
இல்லாத அசைவை எப்படித் தடுப்பது?
தடுக்காத இடத்தில் எதிர்வினை எங்கிருந்து வரும்?
பூஜ்யம் பொய்யில்லை.
நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு கணுவின் விசையையும் வெளியே எடுத்தேன்.
அங்கே இருந்தது.
பின்வரிசை கீழ்நோக்கி இழுக்கிறது,
முன்வரிசை மேல்நோக்கித் தள்ளுகிறது,
நடுவில் சில
என்ன செய்வதென்று தெரியாமல் ஏதோ தசமத்தில்.
விசையைத் தூரத்தால் பெருக்கி
ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு வரியையும் கூட்டினால்
எழுபது.
சிகரெட் அட்டையில் கயத்தான் போட்ட கணக்கும்
எழுபதுதான். அவருக்கு அரை நிமிடம் ஆனது.

"தூரம் எங்கேர்ந்து அளந்தீங்க?"

தகட்டின் மையத்திலிருந்து.
மேடையின் விளிம்பிலிருந்து அளந்தால் நாற்பது.
அவர் அட்டையைத் திருப்பினார்.
"கொக்கிக்கு நேர் கீழே, தண்ணிக்குள்ள நின்னா?"

பூஜ்யம், என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

அவர் சிரிக்கவில்லை.
மணப்பாட்டில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம்
அன்று காலை அனுப்பியிருந்தார்.
போன மாதமும். அதற்கு முந்தின மாதமும்.
"அப்ப தொங்குறதுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்,
"நல்லதுதான்."
தண்ணீர் பாட்டிலை முழுக்கக் குடித்தார்.

மறுபடி மாதிரியைத் திறந்தேன்.
மையத்தில் ஒரு தனிப்புள்ளி வைத்தேன்,
திரும்பத் தெரிந்த புள்ளி.
அடிப்பரப்பு முழுவதையும் அதனுடன் பிணைத்து
அதை மட்டும் கட்டிப்போட்டேன்.
இந்த முறை அட்டவணையே சொன்னது எழுபது.
பிறகு பின்வரிசை மூன்று போல்ட்டுக்கும் பங்கு:
ஆளுக்கு நாற்பத்து மூன்று, சற்றே மேலே.
ஹமூதுக்கு எழுதும்போது
எண்ணுக்கு முன்னால் புள்ளியின் ஆயங்களை எழுதினேன்.
அவர் "சரி" என்றுகூடப் பதில் போடவில்லை.
முத்திரை மட்டும் வந்தது.

செப்டம்பரில் சோதனை.
இரண்டரை டன் தண்ணீர்ப் பை
கடலுக்கு மேல் பத்து நிமிடம் தொங்கியது,
ஓரத்தில் சொட்டியபடி.
எல்லாரும் அதைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள்.
கயத்தான் மட்டும் கிரேனுக்குப் பின்னால் குந்தி
நடு போல்ட்டின் தலையில் உள்ளங்கையை வைத்திருந்தார்.

எதாவது தெரிகிறதா, என்றேன்.

"சூடு,"
என்றார். கையை எடுக்கவில்லை.